ஒரு புள்ளியோடு மறுபடி

அன்று ஆய்வுக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த வேகத்தில் மூடிவிட்டேன். என் பழைய கோப்பு ஒன்றை அப்போதுதான் பார்த்திருந்தேன்.

ஐந்து வருடமாக நான் தேடியது ஒரே விஷயம். இரண்டு கேலக்ஸிகள் மோதி ஒன்றானால், அவற்றின் நடுவில் இருந்த ராட்சசக் கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். ரேடியோ தொலைநோக்கியின் படத்தில் அவை அடுத்தடுத்து இரண்டு புள்ளிகளாகத் தெரியலாம். எனக்கு ஒரே ஒரு ஜோடி அகப்பட்டிருந்தது. மறுநாள் காலை அதை வைத்துத்தான் என் ஆய்வேட்டு உரை. அதைக் கேட்க அப்பா வேலூரில் ரயில் ஏறிவிட்டார்.

தொலைநோக்கியின் தரவு கலங்கலாக வரும். தெளிவாக்குவதற்குக் கணினிக்கு முதலில் ஓர் உத்தேசப் படம் கொடுப்போம். அதைப் பிடித்துக்கொண்டு அது தரவைத் திருத்திக்கொண்டே போகும். ஒரு புள்ளியில் தொடங்குவதுதான் எங்கள் முறை. அந்தப் பழைய கோப்பின்படி, அவசரக்குடுக்கையான நான் இரண்டு புள்ளிகள் கொடுத்துத் தொடங்கியிருக்கிறேன். நான் கொடுத்ததையே அது எனக்குத் திருப்பித் தந்திருக்கலாம்.

திருத்தாத மூலத் தரவை எடுத்து, ஒரு புள்ளியோடு மறுபடி ஓட்டவிட்டேன். இரண்டு மணி நேரம் ஆகும். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஐந்து வருடமும் வீண் என்று அப்பாவிடம் எந்த வாயால் சொல்வது?

படம் வந்தது. பெரிய புள்ளி ஒன்று, அதன் வலது தோளில் மங்கலாக இன்னொன்று. அழுதேவிட்டேன். அப்படியும் பயம் விடவில்லை. பக்கத்து மேசைத் தோழியைக் கூப்பிட்டேன். இந்த ஊர் ஜீவனஹள்ளியிலேயே பிறந்து வளர்ந்தவள், பேச்சில் கன்னடம் கலக்கும், மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள்.

“இதுல எத்தனை புள்ளி தெரியுது?”

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தாள். “ஒண்ணுதான்டி. ஏன்?”

“நல்லாப் பாரேன். வலது பக்கம்.”

“ஸ்வல்ப இரு.” திரைக்கு மூக்கைக் கொண்டுபோனாள். “நீ சொன்னப்புறம் ஏதோ இருக்கிற மாதிரி இருக்கு. ஆனா படம் பூரா இந்த மாதிரி குப்பை கிடக்குதே. அதுல இதுவும் ஒண்ணு.”

மறுபடி பார்த்தேன். எனக்கு அந்த இரண்டாவது புள்ளி முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. அதுவரை ஆய்வேட்டை நினைத்துப் பயந்தவளுக்கு, இப்போது என் கண்ணை நினைத்தே பயமாக இருந்தது. திரையை அணைத்துவிட்டு, நாளைய உரையை நிறுத்தச் சொல்லப் பேராசிரியரின் அறைக்கு எழுந்து போனேன்.