பராமரிக்க மகன் உண்டா?

திருவாதவூரில் ஒரு வேப்பமரத்தடியில் குந்தியிருந்த அம்மா ஒருவர், "எனக்கென்ன சாமி குறை, எம் மகென் ராசா மாதிரி இருக்கான்ல" என்று சொன்னபோது எங்கள் ஆய்வு மையத்தின் டைரக்டர் சாரின் முகத்தில் வந்த சந்தோஷம் எனக்கு இன்றும் மறக்கவில்லை. கல்யாணப் பந்தியில் கேட்காமலேயே இலையில் இரண்டாவது ஜாங்கிரி விழுந்தவரின் சந்தோஷம் அது. "குட், வெரி குட்" என்று சொல்லி, என் கையிலிருந்த டேப்லெட்டை வாங்கி, 'ஆமாம்' என்ற இடத்தில் அவரே விரலை வைத்தார். அந்த விரல் அழுத்தலில் அந்த அம்மாவின் முதியோர் உதவித்தொகை போயிற்று. போனது தெரியாமல், தன் மகனைத்தான் யாரோ பெரிய மனிதர் மெச்சுகிறார் என்று நினைத்து, அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெட்கத்தோடு சிரித்தார்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணமும் டைரக்டர் சார்தான். பசுமலையில் நான் பாடம் நடத்தும் கல்லூரிக்கு, சமூகப் பாதுகாப்புத் திட்டங்களைப் பற்றிப் பேசச் சிறப்பு விருந்தினராக அண்மையில் வந்திருந்தார். தலை நரைத்துவிட்டது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு, மூச்சுக்கு மூச்சு "கடைக்கோடி மனிதன், கடைக்கோடி மனிதன்" என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூட்டம் முடிந்ததும் என்னை அடையாளம் கண்டு, "எப்படிம்மா இருக்கீங்க? இன்னும் கோவமாத்தான் இருக்கீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். ஆமாம் சார் என்றேன். அதையும் அவர் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார்.

நான் சமூகப்பணி படித்து முடித்த கையோடு அவருடைய ஆய்வு மையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். காளவாசலில் ஒரு புரோட்டாக் கடைக்கு மேல் மாடியில் அலுவலகம். மத்தியானத்துக்கு மேல் கீழே கொத்துப் புரோட்டா கொத்தும் சத்தத்தில் மேலே கூட்டம் நடத்த முடியாது. மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் முதியோர் உதவித்தொகை சரியான ஆட்களுக்குப் போய்ச் சேருகிறதா, சேராவிட்டால் திட்டத்தை எப்படிப் பலப்படுத்துவது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்பதுதான் எங்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. வேலையைக் குறை சொல்லமாட்டேன். மாடி வீடும் டிராக்டரும் வைத்திருந்தவர்கள் சிலர் அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டிருந்தார்கள். கஞ்சிக்கு வழியில்லாதவர்கள் பலர் வாங்காமல் இருந்தார்கள். இதைச் சரிசெய்யப் போகிறோம் என்று நம்பித்தான் நான் தினமும் தூக்குச்சட்டியில் சோறு கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கேள்விகளை டைரக்டர் சாரே தயாரித்திருந்தார். எல்லாவற்றுக்கும் ஆமாம் அல்லது இல்லை, இரண்டே பதில்தான். "கதை கேக்காதீங்க. கதை கேக்க உக்காந்தா சாயங்காலம் ஊர் திரும்ப முடியாது. ஆமாவா, இல்லையா, அம்புட்டுத்தான்" என்பார். மற்ற கேள்விகளை விட்டுவிடுகிறேன். 'உங்களைப் பராமரிக்க மகன் உண்டா?' என்று ஒரு கேள்வி இருந்தது. ஆமாம் என்று விழுந்துவிட்டால் மற்ற பதில்கள் எப்படி இருந்தாலும் அந்த ஆள் தகுதியில்லாதவர்.

மேலூர்ப் பக்கத்துப் பெண்களை அறிந்த எவருக்கும் இந்தக் கேள்வியில் என்ன விஷம் இருக்கிறது என்பது புரியும். மகன் உயிரோடு இருக்கும்போது பெற்றவள் தன் வாயால் 'இல்லை' என்று சொல்லமாட்டாள். அவன் குடித்துவிட்டு வந்து மண்டையை உடைப்பவனாக இருந்தாலும் சொல்லமாட்டாள். அரிசி தீர்ந்துபோனால்கூட அரிசி இல்லை என்று சொல்லாமல் 'அரிசி நெறைஞ்சிருச்சு' என்று சொல்கிற வாய் அது. அந்த வாயிடம் போய் மகன் உண்டா இல்லையா என்று கேட்டால் என்ன வரும்? தெருத்தெருவாக எல்லாரும் ஆமாம் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டுக்கொண்டு நின்றதால் இன்னும் சத்தமாகவே சொன்னார்கள்.

நான் சொல்லும் அம்மா நடவு நட்டும் களை பறித்தும் காலம் தள்ளியவர். புருஷன் இறந்து வெகுகாலம் ஆகிறது. ஒரே மகன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய், அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு, அங்கேயே தங்கிவிட்டான். குலசாமி கும்பிடக்கூட ஊர்ப்பக்கம் வருவதில்லை. ரேஷன் அரிசி வந்துவிடும். உப்பு, புளி, முழங்கால் வலிக்கு மாத்திரை எல்லாவற்றுக்கும் அந்த உதவித்தொகைதான். முழங்கால் வீங்கிய பிறகு வயலில் இறங்க முடியாமல், அது ஒன்றை நம்பியே அவர் இருந்தார். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிய வந்தது. அந்தப் பகுதியில் பலருக்குப் பணம் நின்றுபோனதாகச் செய்தி வந்து, நான் திரும்பவும் போனபோது, பக்கத்து வீட்டில் இருந்த அவருடைய மதினிதான் எல்லாவற்றையும் சொன்னார். "ராசாவாம் ராசா! அந்த ராசா போன் பண்ணியே வருசக்கணக்காச்சு" என்று காறித் துப்பினார்.

அந்த அம்மாவுக்கு என் மேல் கோபமே இல்லை. "அன்னைக்கு நான் என்ன தாயி தப்பாச் சொல்லிப்புட்டேன்? அந்த சாரு நல்லாத்தானே சிரிச்சாரு" என்றுதான் கேட்டார். மகன் பார்த்துக்கொள்வதில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மா என்றேன். அவர் என் கையைப் பிடித்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உசுரோட இருக்குறவன இல்லைன்னு சொல்லச் சொல்றியா? பெத்தவ வாயில வந்தா பலிச்சுரும் தாயி. அவன் எங்கிட்டாவது நல்லா இருக்கட்டும்."

அன்று மாலையே டைரக்டர் சாரிடம் போய் நின்றேன். ஒரு யோசனையும் வைத்திருந்தேன். கேள்வியை மாற்றுவோம் சார், மகன் உண்டா என்று கேட்க வேண்டாம், மாத்திரை வாங்கித் தருவது யார், உடம்புக்கு முடியாதபோது கஞ்சி வைத்துக் கொடுப்பது யார் என்று கேட்போம், இந்தப் பெண்கள் மறைக்கமாட்டார்கள், மகனைப் பற்றிக் கெட்ட வார்த்தை பேசாமலே உண்மையைச் சொல்லிவிடுவார்கள் என்று மூச்சு விடாமல் பேசினேன். அவருக்கு இந்த விஷயம் தெரியாது, தெரிந்தால் பதறிவிடுவார் என்பது என் எண்ணம். அவர் டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டே கேட்டார். பிறகு, "இதை நீங்க எனக்குச் சொல்லித் தரணுமா? நானும் இந்த ஊர்க்காரன்தானே. எங்கம்மாகிட்டக் கேட்டாலும் என்னை ராசான்னுதான் சொல்லும்" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. தெரிந்துமா சார் இப்படிக் கேட்டீர்கள் என்றேன். "தெரிஞ்சதுனாலதாம்மா கேட்டேன். பேர் கொறையணும்னு நம்மகிட்ட வேலையைக் கொடுத்தவங்க எதிர்பாக்குறாங்க. நாம யார் பேரையும் வெட்டல பாருங்க. அவங்களே சொல்றாங்க, அவங்களே போறாங்க. ஒருத்தர் நம்மளைக் கேள்வி கேக்க முடியாது" என்றார். சொல்லிவிட்டு, நல்ல தறியில் நெய்த துணியைத் தடவிப் பார்ப்பவர்போல மேஜையைத் தடவினார். கீழே கொத்துப் புரோட்டா கொத்திக்கொண்டிருந்தார்கள். முட்டாள்தனத்தால் நடந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், மன்னித்தும் இருப்பேன். பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று ஒரு தாய்க்கு இருக்கும் பயத்தை நன்றாகத் தெரிந்துகொண்டு, அதையே கத்தியாகத் தீட்டி வைத்திருந்த மனிதரின் எதிரில் நிற்பதற்கே எனக்கு அருவருப்பாக இருந்தது. அந்த மாதத்தோடு வேலையை விட்டுவிட்டேன்.

விட்டாலும் அந்த அம்மாவை விட முடியவில்லை. திருப்பூரில் இருந்த மகனின் போன் நம்பரைத் தேடிப் பிடித்து, அம்மாவுக்கு எதுவும் அனுப்புவதில்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், பணம் திரும்ப வந்துவிடும் என்று கெஞ்சினேன். அவன் கோபப்பட்டான். "ஊர்ல என் மரியாதை என்னாகுறது? நாலு பேரு காறித் துப்பவா? எங்கம்மாவ நான்தான் பாக்குறேன்னு எழுதிக்கங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டான். பார்ப்பது இல்லை, பார்க்கிறேன் என்ற பெயர் மட்டும் வேண்டும். அவனுக்கும் டைரக்டர் சாருக்கும் என்ன வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில், பெயர் விட்டுப்போனவர்களை மறுபடி விசாரிக்க ஒரு முகாம் நடத்தப் போவதாக அறிவிப்பு வந்தது. அந்த அம்மாவைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். கேட்டால் எனக்கு யாரும் ஆதரவில்லை என்று மட்டும் சொல்லுங்கள், அவன் பெயரையே எடுக்க வேண்டாம் என்றேன். "சரி தாயி, சரி தாயி" என்று தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறி உள்ளே போனால், விசாரிக்கும் அதிகாரிக்குப் பக்கத்து நாற்காலியில் டைரக்டர் சார் உட்கார்ந்திருக்கிறார். ஆய்வு நடத்தியவர் என்பதால் ஆலோசனை சொல்ல அழைத்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் தெரிந்தவர்போலத் தலையசைத்தார். முன்னால் முறுக்கும் டீயும் இருந்தன.

அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். "உங்களுக்கு யாரும்மா ஆதரவு?" என்று பொதுவாகத்தான் கேட்டார். அந்த அம்மா வாயைத் திறப்பதற்குள் டைரக்டர் சார் முந்திக்கொண்டார். "அப்படிக் கேட்டா அவங்களுக்குப் புரியாது சார். நான் கேக்குறேன்" என்று சொல்லி, முறுக்குத் தூளை வேட்டியில் துடைத்துவிட்டு, "ஏம்மா, உனக்கு மகன் உண்டா, இல்லையா? இல்லைன்னா இல்லைன்னு சொல்லு, இப்பவே பணத்துக்கு எழுதிருவோம்" என்றார். அவர் குரலில் அவ்வளவு பரிவு. விவரம் தெரியாதவர்கள் பார்த்தால் உதவி செய்கிறார் என்றே நினைப்பார்கள்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் கண்ணால் கெஞ்சினேன். சொல்லிவிடுங்கள், வெறும் வார்த்தைதானே, சொல்லிவிடுங்கள். அவருடைய உதடு அசைந்தது. இல்லை என்பதற்கு வாய் குவிந்தும் விட்டது. பிறகு அதை விழுங்கிவிட்டார். மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "சாமி, எனக்கு மகென் இல்லைன்னு மட்டும் எழுதாதீக. அவனுக்கு ஆத்தா இல்லைன்னு வேணும்னா எழுதிக்கங்க. அவனைப் பெத்தவ செத்துப்போயிட்டான்னு எழுதிக்கங்க" என்றார்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு டைரக்டர் சாரைப் பார்த்தார். டைரக்டர் சார்தான் முதலில் சிரித்தார். "செத்தவங்களுக்குப் பென்சன் கெடையாதும்மா" என்றார். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பி, "மகன் இருக்கார்னு அவங்களே ஒத்துக்கிறாங்க சார். அப்ப ஆமாம்தான்" என்றார். அதிகாரி கொஞ்சம் தயங்கிவிட்டு எழுதினார். நான் சத்தம் போட்டேன். வெளியே நிற்கச் சொன்னார்கள்.

வெளியே வந்ததும் அந்த அம்மா பணத்தைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. முகம் வெளிறிப் போயிருந்தது. "தாயி, ஆத்தா செத்துப்போயிட்டான்னு சொல்லிட்டேனே, அதுனால அவனுக்கு ஒண்ணும் ஆயிராதுல்ல?" என்று கேட்டார். ஒன்றும் ஆகாது அம்மா என்றேன். நம்பவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டார். பஸ்ஸுக்கு வைத்திருந்த சில்லறையை முந்தியிலிருந்து அவிழ்த்து, எதிர்ப் பெட்டிக்கடையில் சூடம் வாங்கினார். தெருமுனையில் ஒரு பிள்ளையார் இருந்தார். வீங்கிய முழங்காலோடு தரையில் உட்கார முடியாமல் உட்கார்ந்து, சூடத்தை ஏற்றி, மகன் பெயரைச் சொல்லி, சொன்னது என் தலையோட போகட்டும், அவனை ஒண்ணும் செஞ்சிராத சாமி என்று அழுதார். அப்போது முகாம் முடிந்து டைரக்டர் சாரின் கார் அந்த வழியாக வந்தது. பிள்ளையாரைக் கண்டதும் வேகம் குறைந்தது. அவர் கண்ணாடியை இறக்கி, அந்த அம்மாவின் தலைக்கு மேலாகச் சூடத்தைப் பார்த்துக் கன்னத்தில் பயபக்தியோடு போட்டுக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார்.