எங்கள் ஊர் மண் எந்த மேட்டில்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனேன். முன்னே நடந்ததைப் பின்னே எழுதிவிடுவேன், பாதி மறந்தும் போகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதை வாய்விட்டு யாரிடமும் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நெய்வேலியில் மகளோடு குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். சர்க்கரை இருக்கிறது, நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் என்னை ஸ்கூட்டியில் மேட்டுக்குக் கூட்டிப்போவாள். மேடு என்றால் தானாக இருந்த மலை இல்லை. நிலக்கரி எடுப்பதற்காகத் தோண்டிய மண்ணைக் கொட்டிக் கொட்டி உயர்ந்தது. அதன்மேல் முந்திரி, சவுக்கு, வேம்பு எல்லாம் வைத்துக் காடாக்கி, பூங்கா என்று கேட் போட்டிருக்கிறார்கள். உள்ளே ஒரே பாதை. இடது பக்கம் ஏறி, மேட்டைச் சுற்றிவந்து, குளத்தோரமாக இறங்கினால் புறப்பட்ட கேட்டுக்கே வந்து சேரலாம். எனக்கு ஒரு சுற்றுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். மகளுக்கு முக்கால் மணி போதும்.

எங்கள் ஊர் இப்போது இல்லை. சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். அதற்கு ரொம்ப முன்னால், எனக்கு முதலில் பிறந்த பெண் எட்டு மாதத்தில் காய்ச்சல் வந்து போய்விட்டாள். வீட்டுக்காரரும் அவர் அண்ணனும் துணியில் சுற்றித் தூக்கிப்போய்ச் சுடுகாட்டில் புதைத்துவிட்டு வந்தார்கள். பெண்கள் அங்கே போகிற வழக்கம் இல்லை. நான் தெருமுனை வரைக்கும் போனேன். சின்னக் குழந்தை என்பதால் பால் தெளிக்கவும் இல்லை. ஊரைக் காலி செய்தபோது அம்மன் கல்லைப் பெயர்த்து வண்டியில் ஏற்றினார்கள். சுடுகாட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

வீட்டுக்காரருக்குச் சுரங்கத்திலேயே வேலை. முதலில் கான்ட்ராக்ட், அப்புறம் பர்மனென்ட். பெல்ட்டில் வருகிற மண்ணைக் கொட்டிப் பரப்புகிற மெஷினில் இருந்தார். ஒருநாள் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியே கையைக் காட்டினார்.

"அதோ அந்தச் சரிவுல கெடக்குறது நம்ம ஊரு மண்ணு. சுடுகாட்டு மண்ணும் அதுலதான். நாந்தான் கொட்டனேன்."

நான் அந்த இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டேன். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

அவர் காட்டிய சரிவு, பாதையின் இரண்டாவது திருப்பத்தில் வருகிறது. அங்கே ஒரு பெஞ்சும் வேம்பும் இருக்கின்றன. சுடுகாட்டுக்குத்தான் பெண்கள் போகக் கூடாது. மேட்டுக்குப் போகலாம், டிக்கெட் எடுத்தால். இருமல் மருந்து பாட்டிலைக் கழுவி, அதில் கொஞ்சம் பால் ஊற்றிப் பையில் வைத்துக்கொள்வேன். மகள் முன்னால் போனதும் வேம்படியில் ஊற்றிவிடுவேன். அவளுக்கு முன்னால் ஒருத்தி இருந்தாள் என்று அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல மகள் சலித்துக்கொண்டாள்.

"வாக்கிங்னா நிக்காம நடக்கணும்மா. நீ எப்பவும் அந்தத் திருப்பத்துலயே உக்காந்துடுற. உன் பேருக்கு அங்க பட்டா போட்டுக் குடுத்திருக்காங்களா?"

"கால் வலிக்குது. நீ போ."

அவள் போய்விட்டாள். நான் திருப்பத்துக்குப் போனபோது பெஞ்சில் ஆள் இருந்தது. எங்கள் ஊர்க்காரர், என் வீட்டுக்காரரோடு அதே மெஷினில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பாட்டிலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

"அண்ணி, நீங்களா? வாங்க, உக்காருங்க. மூச்சு வாங்குதா? எனக்குந்தான். நாம கொட்டன மண்ணுமேல நம்மளையே ஏறச் சொல்றாங்க பாருங்க. அண்ணன் இருந்தா சிரிச்சிகினு இருப்பாரு."

அவர் எழுந்து போகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். போகிற மாதிரித் தெரியவில்லை. ஆம்பிளைகளிடம் நானாகப் பேசுகிறவள் இல்லை. எப்படியோ வாயில் வந்துவிட்டது.

"தம்பி, நம்ம ஊரு மண்ண இந்தச் சரிவுலதானே கொட்டனீங்க?"

"நம்ம ஊரா? இல்லீங்களே. நம்ம ஊரத் தோண்டறதுக்குள்ள இந்த மேடு முடிஞ்சி மரமே வச்சிட்டாங்க. நம்ம மண்ணு பூரா அந்தாண்ட மேட்டுக்குப் போச்சு. பொகை தெரியுது பாருங்க, அதுக்கும் பின்னால."

"அவரு இங்கன்னுதான் சொன்னாரு."

"அண்ணனா?" கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "அண்ணனுக்குத் தெரியாம இருக்காதே. எனக்கும் வயசாயிடுச்சி. ஆனா அந்தாண்டதான் அண்ணி. நானும் அதே ஷிப்டுல இருந்தவன்தானே. ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான்."

அவர் தடியை ஊன்றி எழுந்து கீழே இறங்கிப் போனார். நான் வேம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்பில் செம்மண் ஒட்டியிருந்தது, அதைப் பெஞ்சுக் காலில் தேய்த்துத் துடைத்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பாலைத் திரும்பக் கொண்டுபோக முடியாது, மகள் பையைத் துழாவுவாள். யார் ஊர் மண்ணோ என்று தெரிந்த பிறகு அங்கே ஊற்றவும் கை வரவில்லை. நானே குடித்துவிட்டேன். வெதுவெதுவென்று இருந்தது. லேசாக மருந்து வாசனை அடித்தது.

மகள் தேடிக்கொண்டு வந்தாள். "திரும்பிடலாமா?" என்றாள். திரும்பினாலும் முன்னே போனாலும் கேட்டுக்குத் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான். முன்னேயே நடந்தோம்.

உச்சியில் கம்பி போட்ட இடம் ஒன்று உண்டு. அங்கே நின்றால் சுரங்கக் குழி தெரியும், புகைபோக்கி தெரியும். அதற்குப் பின்னால் அந்த இன்னொரு மேடு. மரம் இல்லை, பாதை இல்லை, வெறும் மண். அங்கே வெளியாட்களை விடுவதில்லை என்று மகள் சொன்னாள். பிறகு போனை எடுத்து என்னை நிற்க வைத்தாள்.

"கொஞ்சம் சிரிம்மா. பின்னால எல்லாம் நல்லா விழுது."

அந்தப் படம் அவள் போனில் இருக்கிறது. என் தோளுக்குப் பின்னால் அந்த மேடு வந்திருக்கிறது, விரல்கடை அளவுக்கு.

வீட்டுக்காரர் என் மனசு ஆறட்டும் என்று சொன்னாரா, இல்லை பெஞ்சில் பார்த்த ஊர்க்காரருக்குத்தான் மறந்துவிட்டதா, எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் இப்போதும் போகிறேன். பாட்டிலைக் கழுவி வைத்திருக்கிறேன், பால் ஊற்றவில்லை. அந்தக் காலத்தில் அந்த மெஷினில் இருந்தவர்கள் இதைப் படித்தால், எங்கள் ஊர் மண் எந்த மேட்டுக்குப் போனது என்று சரிபார்த்துச் சொல்ல வேண்டும். ஊர்ப் பெயரை மகளிடம் கேட்டால் சொல்வாள். சுடுகாடு ஊருக்குக் கிழக்கே, ஏரிக்கரைக்குக் கீழே இருந்தது. அதையும் யாராவது சரிபார்த்துவிடுங்கள். நான் கேள்விப்பட்டதுதான், பார்த்ததில்லை.