ஒரு முஷ்டி உயரத்தில் துருவ நட்சத்திரம்

மலைமேல் இருக்கும் புதூர்நாட்டில் நான் அறிவியல் ஆசிரியன். திறனறித் தேர்வில் தேறிய நான்கு பிள்ளைகளுக்கு விண்வெளிப் பாடம் நடத்த ஒரு விஆர் கண்ணாடி வந்தது. நால்வரில் ஒருவருக்கு மட்டும் விண்வெளி முகாமில் இடம். யாருக்கு என்பதை நான்தான் சொல்ல வேண்டும்.

கண்ணாடியை மாட்டினால் பட்டப்பகலிலும் நட்சத்திரம் தெரியும். துருவ நட்சத்திரத்தைக் கையால் காட்டுவது கடைசித் தேர்வு. மூன்று பையன்கள் சப்தரிஷி மண்டலத்தைப் பிடித்துப் போய் உயரத்தில் காட்டினார்கள். நான்காவது ஒரு பெண். சாமை விதைக்கும் வீட்டுப் பிள்ளை. அவள் கை தாழ்வாகவே நின்றது.

"எங்க வூட்டாண்ட மேட்டுக்கு மேல ஒரு முஷ்டி உயரந்தான் சார் இருக்கும். இதுல இன்னாத்துக்கு இவ்ளோ மேல நிக்குது?"

கேள்வி கேட்டால் எனக்குச் சுர்ரென்று ஏறும். கருவிக்குத் தெரியாதது உனக்குத் தெரிந்துவிட்டதா, மேலே காட்டு என்றேன். அவள் கையை உயர்த்தினாள். முதல் பதில் தவறு என்று குறித்துக்கொண்டேன்.

சாயங்காலம் ஜீப்பில் மலை இறங்கும்போதுதான் உறைத்தது. துருவ நட்சத்திரம் எத்தனை டிகிரி உயரத்தில் தெரிகிறதோ, அதுதான் அந்த ஊரின் அட்சரேகை. வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவன் நான். எங்கள் மலைக்குப் பன்னிரண்டரை டிகிரி. கையை நீட்டிப் பிடித்தால் ஒரு முஷ்டி பத்து டிகிரி; மேட்டையும் சேர்த்தால் அவள் சொன்னது ஏறக்குறைய அதுதான். வீட்டுக்குப் போனதும் கருவியைத் திறந்து பார்த்தேன். அதில் பார்க்கும் ஊர் என்ற இடத்தில் ஏதோ ஒரு வெளிநாட்டு நகரம் இருந்தது. வாங்கிய நாளிலிருந்து நான் அதை மாற்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. சத்தமில்லாமல் மாற்றினேன். மறுநாள் அவளை மட்டும் கூப்பிட்டு மறுதேர்வு வைத்தால் மதிப்பெண்ணும் போட்டுவிடலாம், என் மானமும் தப்பும் என்று கணக்குப் போட்டேன்.

மறுநாள் கண்ணாடியை மாட்டியதும் அவள் கை நேராக உயரத்துக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை.

"அங்க என்னம்மா தெரியுது?"

"ஒண்ணும் தெர்ல சார். நீங்க மேலன்னு சொன்னீங்க இல்ல?"

கண்ணாடியைக் கழற்றச் சொல்லி நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. மற்ற மூவரிடமும் இதைச் சொல்வீர்களா என்று கேட்டாள். அப்போதே அவர்களைக் கூப்பிட்டு, அவள் எதிரிலேயே சொன்னேன்.

முகாமுக்கு அவள் பெயர்தான் போனது. போயும் வந்துவிட்டாள். ஆனால் வகுப்பில் நான் எதைக் கேட்டாலும், இப்போதும் முதலில் என் முகத்தைப் பார்க்கிறாள். அதன் பிறகுதான் பதில் சொல்கிறாள்.