கால்களுக்கிடையால் போகும் பந்து

1. எனக்கு வாய்த்த இடம்

அமெரிக்கன் ஃபுட்போலில் நான் லோங் ஸ்னாப்பர். குனிந்து நின்று, கால்களுக்கிடையால் பந்தைப் பின்னுக்கு எறிவதுதான் என் வேலை. பின்னால் முழங்காலில் இருக்கும் ஹோல்டர் அதைப் பிடித்து நிலத்தில் நிறுத்துவார். கிக்கர் ஓடிவந்து உதைப்பார். பந்து கம்பங்களுக்கிடையே போனால் மூன்று புள்ளிகள். நான் பிழை விட்டால் மட்டுமே பார்வையாளர்களுக்கு என் பெயர் தெரியவரும்.

பகலில் ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் வீடுகளுக்கு ஹீற்றர் பூட்டுகிறேன்; மாலையில் பயிற்சி. முதலில் முன்வரிசையில் முட்டிமோதத்தான் போனேன். அங்கே நான்தான் சின்ன உடம்பு. ஆனால் என் எறி கோணாமல் போவதைக் கண்ட பயிற்சியாளர் இந்த இடத்தைத் தந்தார்.

அப்பாவுக்கு நம்ப முடியவில்லை. "எட மோனை, குனிஞ்சு பந்தெறியிறதுக்கெண்டே ஒரு ஆளோ?"

"ஓம் அப்பா. நல்லா எறிஞ்சா கனகாலம் நிண்டு பிடிக்கலாம்."

அப்படியே நடந்தது. என்னோடு சேர்ந்த பெரிய உடம்புக்காரர்கள் முழங்கால் போய் விலகினார்கள். நான் இன்னும் விளையாடுகிறேன்.

2. தொர்ஸ்ரன்

அது பருவத்தின் கடைசி ஆட்டம். தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டும். எதிரணியில் தொர்ஸ்ரன் நின்றான். பல வருடங்கள் எங்கள் அணியில் என் தோளோடு தோள் நின்றவன். முதல் பாதியிலேயே பாய்ந்து வந்து எங்கள் உதையைக் கையால் தடுத்துவிட்டான்.

இடைவேளையில் எங்கள் ஹோல்டர் நிரோஜன் பக்கத்தில் வந்து இருந்தான். கொலோனில் பிறந்து வளர்ந்த தமிழன்.

"அண்ணை, அவன் உங்களைப் பாக்கேல்லை. என்ரை சத்தத்தைத்தான் கேக்கிறான். நான் 'செற்' எண்டு சொன்னா நீங்கள் ஒரு மூச்சு விட்டிட்டு எறிவியள். அது அவனுக்கு மனப்பாடம்."

"அப்ப என்ன செய்வம்?"

"'செற்' எண்டா அசையாதேங்கோ. நான் தமிழிலை 'விடுங்கோ' எண்டு சொல்லேக்கை எறியுங்கோ."

பயிற்சியாளருக்கு ஜெர்மனில் விளங்கப்படுத்தினோம். அவர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். பந்து அசையும்வரை யாரும் அசையக் கூடாது என்று வரிசையில் நிற்பவர்களிடமும் சொன்னோம்.

3. கடைசி உதை

ஆட்டம் முடியும் தறுவாயில் இரண்டு புள்ளிகள் பின்னால் நின்றோம். மழை, எதிர்க்காற்று. இந்தத் தூரம் தனக்குக் கூடுதல் என்று கிக்கரே சொன்னார். வேறு வழியில்லை.

"செற்!" என்று கத்தினான் நிரோஜன்.

நான் அசையவில்லை. தொர்ஸ்ரன் பாய்ந்து வந்து என் தோளில் மோதினான். நடுவர் விசில் ஊதினார். பந்து அசையுமுன் கோட்டைத் தாண்டியதற்குத் தண்டனையாக, எங்களை ஐந்து யார் தூரம் முன்னுக்கு விட்டார்கள். இனி கிக்கரால் உதைக்கக்கூடிய தூரம்தான்.

மறுபடியும் குனிந்தேன். நிரோஜனின் விரித்த கை தலைகீழாகத் தெரிந்தது. "செற்!" இம்முறை தொர்ஸ்ரனும் அசையவில்லை. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"விடுங்கோ அண்ணை."

விட்டேன். தொர்ஸ்ரன் காலெடுக்கப் பிந்திவிட்டான். எறிந்த கையோடு என்னைச் சேற்றில் விழுத்தினார்கள். உதையை நான் பார்க்கவில்லை. நிரோஜனின் குரல்தான் கேட்டது.

"உள்ளை போயிட்டுது! அண்ணை, உள்ளை போயிட்டுது!"

ஆட்டம் முடிந்ததும் தொர்ஸ்ரன் வந்து கைகொடுத்தான். அந்தச் சொல் என்ன என்று கேட்டான். நான் சொல்லவில்லை. அடுத்த பருவமும் அவனுக்கு எதிரே நிற்க வேண்டியவன் நான்.

இந்த இடத்துக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எறி ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். எறிகிற நேரம் அப்படி இருக்கக் கூடாது.