ஈரப் பலகையில் ஏறி நின்றவர்

குமணன்சாவடி பெயிண்ட் கடையில் நான் வேலை பார்த்தபோது, நரைத்த தலையில் கனகாம்பரம் வைத்த ஓர் அம்மா பலகை ஒன்றைக் கொண்டுவந்தார். அவர் வீட்டு வாசலில் இருந்த மரமேடை மழையிலும் வெயிலிலும் வெளுத்துப்போயிருந்ததாம். அதற்கு எது சரிவரும் என்று பார்க்க, அந்தப் பலகையில் பாதிக்கு வார்னிஷும் பாதிக்கு மரத்துக்குப் பூசும் லின்சீட் எண்ணெயும் பூசச் சொன்னார். காய்ந்தபின் வந்து, தண்ணீர் ஊற்றி, வெறுங்காலோடு ஏறி நின்றார்.

"இன்னாம்மா, டான்ஸ் ஆடப் போறியா? வார்னிஷ் கண்ணாடி மாரி கீது பாரு," என்றார் முதலாளி.

"கண்ணாடி மேல எங்க ஊட்டுக்காரரு கட்டைய ஊனிக்கினு எப்டி நடப்பாரு? போன மழையில வுயுந்ததுலேர்ந்து வாசலுக்கே வரமாட்டேன்றாரு. நீ ஏறிப் பாரு நைனா."

வார்னிஷ் பக்கம் ஏறிய முதலாளி வழுக்கி என் தோளைப் பிடித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை; எண்ணெய் டின்னோடு போய்விட்டார்.

அவர் கணவர் வெளியே வந்தாரா என்று எனக்குத் தெரியாது. அவரை உள்ளேயே இருக்க அந்த அம்மா விட்டிருக்க மாட்டார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.