சுருட்டுப் பெட்டி இருந்த வீடு

எங்கள் வீட்டில் வேதப்புத்தகத்துக்கு அடுத்தபடியாக மரியாதை பெற்ற பொருள் ஒரு தேக்குப் பெட்டி. அதற்குள் இருந்தவை சுருட்டுகள். போதகர் பிரசங்கத்தில் புகைப்பழக்கத்தைக் கண்டிக்கும்போதெல்லாம் அப்பா தலையைக் குனிந்துகொள்வார். மனந்திரும்பிவிட்டார் என்று போதகர் நினைத்துக்கொண்டிருந்தார் பாவம். அப்பா தூங்கிக்கொண்டிருப்பார்.

அவருக்கு எப்போதும் அசதிதான். இரணியலிலிருந்து பத்மநாபபுரம் சர்க்கார் கச்சேரிக்குத் தினமும் நடந்து போய், நாள் முழுக்க மேலதிகாரியிடம் ஏச்சு வாங்கிவிட்டு, நடந்தே திரும்புகிற குமாஸ்தாவுக்கு வேறென்ன இருக்கும்? இப்போது அந்த அசதி எனக்கும் வந்திருக்கிறது. ஒரு விஷயத்தைத் தொடங்கினால் முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. இருந்தாலும் இதைச் சொல்லிவிடுகிறேன். நான் விட்டால் சொல்ல வேறு ஆளில்லை.

அப்பா சுருட்டுக் குடிக்கிறவர் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். குடிக்கிறவன் வேறு, ருசி பார்க்கிறவன் வேறு என்பார். கிழமைக்கு ஒரு நாள், சனிக்கிழமை சாயங்காலம் மட்டும்தான் அந்தப் பெட்டி திறக்கும். மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, தவறாமல் வந்துவிடுவார். அன்றைக்கு இருவரும் வெற்றிலை போடக்கூடாது. வாயைக் கஞ்சித்தண்ணீரால் கொப்பளிக்க வேண்டும். சுருட்டில் கால்பங்கு எரிகிறவரை பேசக்கூடாது. சாம்பலைத் தட்டக்கூடாது, தானாக விழ வேண்டும். அப்புறம்தான் பேச்சு. வடசேரிச் சந்தையில் வாங்கிய யாழ்ப்பாணச் சுருட்டையும் திருச்சிச் சுருட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது நாக்கில் நிற்கிறது, எது தொண்டையைப் பிடிக்கிறது, எதன் மணம் கடைசிவரை மாறாமல் வருகிறது என்று இரண்டு ஆண்பிள்ளைகள் இருட்டும்வரை விவாதிப்பார்கள். ஒரு மருமகனைத் தேடுவதற்குக்கூட எங்கள் பக்கத்தில் அவ்வளவு விசாரிப்பதில்லை.

இதில் அப்பாவுக்குப் பெரிய பெயர். சுற்றுவட்டாரத்தில் யாருக்கு நல்ல சுருட்டு கிடைத்தாலும் அவரிடம் கொண்டுவந்து அபிப்பிராயம் கேட்பார்கள். கிழமை முழுவதும் அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை, உத்தரவுதான் போடுவார்கள். சனிக்கிழமை மட்டும் அவர் வாய் திறப்பதற்காக நாலு பேர் காத்திருப்பார்கள். அந்த ஒரு சாயங்காலத்தை வைத்துத்தான் மனிதர் மற்ற நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு இந்த வேலையெல்லாம் கண்ணில் காட்டக்கூடாது. ஆடி மழையில் சுருட்டில் பூசணம் பிடித்தால் வெயிலில் காயவைப்பதும், சித்திரை வெயிலில் உலர்ந்து நொறுங்காமல் பெட்டிக்குள் ஈர வாழைச்சருகு வைப்பதும் அவள் தலையில்தான் விழும். அந்தப் பெட்டியைக் குளத்தில் எறியாமல் தனக்குச் சாவு வராது என்று அவள் சொல்லாத மாதம் கிடையாது.

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது அப்பாவுக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. பிழைப்பாரோ மாட்டாரோ என்று சபையில் ஜெபம் பண்ணினார்கள். பிழைத்துவிட்டார். எழுந்து நடமாடத் தொடங்கியதும் சனிக்கிழமைக் கூட்டத்தின் இடத்தை மாற்றினார். அதுவரை முன்னறையில் உட்கார்ந்திருந்தவர்கள் இப்போது அடுக்களை ஜன்னலுக்கு வெளியே அயினி மரத்தடிக்கு வந்தார்கள். காற்று வேண்டும் என்றார் அப்பா. வீட்டின் முன்பக்கம்தான் நல்ல காற்று வரும் என்பது எனக்கே தெரியும்.

வேறு சில மாற்றங்களும் இருந்தன. ஒருநாள் ஊசிப்போன மீன்குழம்பை அம்மா கவனிக்காமல் பரிமாறிவிட்டாள். நான் தட்டைத் தள்ளிவிட்டேன். அப்பா முழுவதும் சாப்பிட்டுக் கை கழுவினார். அம்மா அடுக்களைக்குள் போய் அழுதாள். குழம்பு வீணானதற்கு அழுகிறாள் என்று எண்ணி, நாளைக்கு வேறு மீன் வாங்கிக்கொள்ளலாம் என்று நான் பெரிய மனுஷியாட்டம் ஆறுதல் சொன்னேன்.

அந்த வருஷம்தான் எஸ்டேட் ரைட்டர் வந்து சேர்ந்தார். மலைமேல் துரை தோட்டத்தில் கணக்கெழுதுகிற மனிதர். புதிதாக எங்கள் ஊரில் வீடு கட்டிக் குடிவந்தவர். துரை குடிக்கிற சுருட்டெல்லாம் தனக்கு அத்துப்படி என்பது அவர் பேச்சு. இரண்டு சனிக்கிழமை வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, மூன்றாவது சனிக்கிழமை அவர் ஆரம்பித்தார்.

“குமாஸ்தா சாரே, எந்தக் கடையிலே வாங்கின சரக்குன்னு தெரிஞ்சுட்டுக் குடிச்சா எவனும் வாய்கிழியப் பேசலாம். தெரியாம குடிச்சுச் சொல்லணும். அதாக்கும் ருசி.”

அடுத்த சனிக்கிழமை தான் மூன்று சுருட்டுக் கொண்டுவருவதாகவும், அப்பா கண்ணைக் கட்டிக்கொண்டு குடித்துச் சொல்ல வேண்டும் என்றும், ஒன்று தவறினாலும் தேக்குப் பெட்டி தன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்றும் அவர் சொன்னார். பெட்டி இருக்கிற வீட்டில்தான் கூட்டம் என்பது அவர்களுடைய ஏற்பாடு. மாமா, “அத்தான், வேண்டாம். இவரு வம்புக்கு நிக்காரு” என்றார். அப்பா சரி என்றார். மறுப்பதற்கும் தெம்பு வேண்டும் அல்லவா.

அந்தக் கிழமை முழுவதும் வீட்டில் இழவு விழுந்ததுபோல இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

“ஏட்டி, இண்ணைக்கு நீ எனக்கப் பக்கத்துலேயே நிக்கணும். சொன்ன வேலையைச் செய்யணும். அந்தப் பெட்டி இஞ்ச இருந்து போகப்பிடாது, கேட்டியா?”

“நீங்கதானே அதைக் கொளத்துலே எறியணும்னு சொன்னிய?”

“சொன்னேன். இப்பம் வாயை மூடு.”

சாயங்காலம் ரைட்டர் வந்தார். மூன்று சுருட்டும் ஒரே தடிமன் வரும்படி தேடி எடுத்து, ஒரே அளவாக நறுக்கி, துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அப்பாவின் கண்ணை மாமா தோளில் கிடந்த துவர்த்துத் துண்டால் கட்டினார். கையால் தடவிப் பார்க்கக்கூடாது என்று ரைட்டரே முதல் சுருட்டைப் பற்றவைத்து அப்பா வாயில் வைத்தார். நான் அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா இழுத்தார், விட்டார். புகை ஜன்னல் பக்கம் வந்தது. பக்கத்தில் நின்ற அம்மா முகத்தைச் சுளிக்காமல் நின்றாள். பிறகு என்னைப் பார்த்துத் தேவையில்லாத சத்தத்தில் சொன்னாள்.

“மக்கா, கருப்பட்டிப் பானையை மூடினியா? எறும்பு ஏறப் போவுது.”

“மூடித்தான் கெடக்கும்மா” என்று நானும் அதே சத்தத்தில் சொன்னேன். அவள் என் கையில் கிள்ளினாள்.

வெளியே அப்பா, “யாழ்ப்பாணம்” என்றார். ரைட்டர் இரண்டாவதை எடுத்தார்.

இரண்டாவது புகை வந்தது. அம்மா, “சீரகம் கரியுது பாரு, அடுப்பை நோக்கப்பிடாதா?” என்றாள்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது, வேறு எதுவும் இல்லை. “அடுப்புலே சீரகமே இல்லையேம்மா” என்று கத்தினேன். மரத்தடியில் ரைட்டர் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை, ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். என் தாய்க்கு ஏதோ ஆகிவிட்டது என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அப்பா, “திருச்சி. நல்ல இலை, காயவச்சது கொஞ்சம் கூடிப்போச்சு” என்றார்.

மூன்றாவது சுருட்டைப் பற்றவைத்தபோது காற்று திரும்பிவிட்டது. புகை தோட்டத்துப் பக்கம் போனது. அப்பா காத்திருந்தார். ரைட்டரும் காத்திருந்தார். சாம்பல் நீண்டு, ஒடிந்து, அப்பாவின் வேட்டியில் விழுந்தது. “என்ன சாரே, சத்தத்தைக் காணோம்?” என்றார் ரைட்டர். துவர்த்துக்குக் கீழே அப்பாவின் வாய் நடுங்குவதை நான் பார்த்தேன். சுருட்டின் காரம் என்று நினைத்தேன்.

அம்மா செம்பில் வெள்ளம் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஆண்கள் கூடியிருக்கிற இடத்துக்கு அவள் போய் நான் பார்த்ததே இல்லை. வாய் கொப்பளிக்க வெள்ளம் கொண்டுவந்தவள்போல அப்பா அருகில் குனிந்து செம்பை வைத்தாள். வைத்த இடத்திலிருந்து நகர்த்தி மறுபடியும் வைத்தாள். திரும்பி வந்தாள். அடுக்களையில் ஒவ்வொரு பானையாகப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

“ஏட்டி, வேதப்புத்தகத்தை எடுத்து உள்ளே வை. மழை வருது, தோலு அட்டை நனைஞ்சா நாறும்.”

“வானம் தெளிஞ்சு கெடக்கேம்மா.”

“எடுத்து வை, சனியனே.”

அது அப்பாவுக்கு ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் கொடுத்த புத்தகம். முன்னறையில் ஒரு துளி நனையாமல் பத்திரமாக இருந்தது. அதை எடுத்துப் பெட்டகத்தில் வைத்துவிட்டு நான் ஓடிவந்தபோது அப்பா கண்கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“இது நம்ம நாட்டு இலை இல்லை. கப்பலிலே வந்த சரக்கு. ஒங்க துரைக்கது.”

ரைட்டர் எழுந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கெட்ட மனிதர் இல்லை. மிச்சமிருந்த துரை சுருட்டை அப்பாவிடமே கொடுத்துவிட்டுப் போனார். மாமா புறப்படும்போது அடுக்களை வாசலில் நின்று, “அக்கா, பெட்டி இனி எங்கயும் போவாது” என்று மட்டும் சொன்னார்.

காய்ச்சலோடு அப்பாவின் மூக்கு போய்விட்டிருந்தது. பூவும் மீனும் புகையும் அவருக்கு ஒன்றுதான். சுருட்டில் நாக்கின் எரிவைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. அன்றுவரை அது தெரிந்தது அம்மாவுக்கு மட்டும். சனிக்கிழமை மத்தியானங்களில் ஆளில்லாத நேரம் பார்த்து அவர் ஒவ்வொன்றாய்ப் பற்றவைக்க, அவள் புகையை மணந்து, இது கருப்பட்டி மாதிரி, இது கரிந்த சீரகம் மாதிரி என்று தனக்குத் தெரிந்த அடுக்களையைக் கொண்டு அவருக்குச் சொல்லியிருக்கிறாள். அவர் அதை மனதில் வைத்துக்கொண்டு சாயங்காலம் பேசியிருக்கிறார். துரையின் சுருட்டு மட்டும் அவள் அதுவரை மணக்காதது, அதன் தோல் வாடைக்குத்தான் வெள்ளைக்காரர் கொடுத்த புத்தகத்தைச் சொன்னாள். பெட்டி வேறு வீட்டுக்குப் போயிருந்தால் அங்கே அடுக்களை ஜன்னலில் நிற்க அவள் இல்லை. இதையெல்லாம் அப்பாவை அடக்கம் பண்ணி வந்த பிறகு அம்மா ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள். எனக்கு அப்போது இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள்.

அன்றைய சாயங்காலத்தில் எனக்கு இது ஒன்றும் தெரியாது. விளக்கு வைக்கிற நேரம் வந்ததும், குடும்ப ஜெபத்துக்காகப் பெட்டகத்திலிருந்து வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர்களைத் தேடிப் போனேன். இருவரும் புறவாசல் படியில் உட்கார்ந்திருந்தார்கள். துரையின் சுருட்டு அப்பாவின் விரலிடுக்கில் இருந்தது. அவர் ஒரு தடவை இழுத்து, புகையை அம்மா பக்கமாக மெதுவாக விட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அம்மாவும் கண்ணை மூடி, அவர் காதருகில் எதையோ நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் தலையை அசைத்து அசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார், கன்னம் நனைந்திருந்தது.

என்னை விட்டுவிட்டு ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார்களே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. சத்தம் போடாமல் படிக்குக் கீழே முழங்கால் போட்டு நானும் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மாவின் குரல் நின்றதும், “ஆமென்” என்றேன். அப்பா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். பிறகு அவரும் “ஆமென்” என்றார். அவ்வளவு நேரம் யாருக்காக வேண்டிக்கொண்டார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.