விழிஞ்ஞத்தில் ஏலம் போகும் கட்டைகள்

கேரளத்து விழிஞ்ஞம் கடற்கரையில் ஒரு பாலர் பள்ளி. கோபுரம் கட்டி விளையாட வெளிநாட்டுத் திட்டம் அனுப்பிய வண்ணக் கட்டைகளைப் பிள்ளைகள் மணலில் கொட்டி, மீன் என்று ஏலம் விடுகிறார்கள். காசுக்குப் பதில் சிப்பி. பார்வையிட வந்த வெள்ளைக்கார அம்மாளின் முகம் சுருங்குகிறது. மொழிபெயர்க்க வந்த நான் டீச்சரிடம் காரணம் கேட்கிறேன்.

"கோபுரம் கெட்டுன்னா பிள்ளைய இருந்த எடத்த விட்டு அனங்காது ஸார்," என்கிறார் நாகர்கோவில்கார டீச்சர். "மீன் ஏலம்னா நூறு வரைக்கும் எண்ணும், கேட்டோ. மேடத்தையும் ஏலம் கேக்கச் சொல்லுங்க."

சொல்கிறேன். அம்மாள் தயங்கிப் பத்து விரலைக் காட்டுகிறாள். ஏலம் விடும் சிறுமி உதட்டைப் பிதுக்குகிறாள். அம்மாள் குனிந்து சிப்பி பொறுக்கத் தொடங்குகிறாள்.

கடைசியில், தன் நாடு இலவசமாக அனுப்பிய நாலு கட்டைகளை இருபது சிப்பிக்கு எடுத்து, இலையில் பொதிந்து வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்புகிறாள். கொசுறு ஒன்று கிடைக்குமா என்று கேட்கச் சொல்கிறாள்.